ஸ்டார்ட்டர் பெட்டியில் தொடங்கும் ரோபோ படிப்பு

தேவாரம் பக்கம் இப்போதெல்லாம் மோட்டாருக்கு போன் போடுகிறார்கள். கிணற்று மேட்டில் இருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கிறது. தோட்டக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடி அந்த எண்ணை அழைக்கிறார். இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் மோட்டார் ஓடத் தொடங்குகிறது. மும்முனை மின்சாரம் வந்துவிட்டதா, நடுவில் ஒரு ஃபேஸ் போய்விட்டதா, தண்ணீர் வற்றி மோட்டார் வெறுமனே சுற்றுகிறதா என்பதையெல்லாம் அந்தப் பெட்டியே கவனித்துக்கொள்கிறது. ஆபத்து என்றால் நிறுத்திவிட்டுத் தகவலும் சொல்கிறது. கொஞ்ச வருடங்களுக்கு முன்புவரை இதே வேலைக்காக நடு ராத்திரியில் டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு, பாம்புக்குப் பயந்து கம்பால் தட்டியபடி வரப்பில் நடந்துபோனவர்கள் இவர்கள்.

இந்தப் பெட்டியை மாட்டிக் கொடுப்பது யார் என்று பாருங்கள். பெரும்பாலும் இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன். மோட்டார் வைண்டிங் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் பழகியவனாக இருப்பான். கான்டாக்டர், ஓவர்லோடு ரிலே, ஸ்டார் டெல்டா, பிரிவென்டர் எல்லாம் அவனுக்குக் கைப்பாடம். எந்த வயரை எங்கே கொடுத்தால் எது இழுக்கும், எது விடும் என்று விரல் நுனியில் வைத்திருப்பான். பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடம் அவனைப் பயமுறுத்தித் துரத்தியிருக்கும். ஆனால் ஒரு கட்டுப்பாட்டு மின்சுற்றை மனதுக்குள் ஓட்டிப் பார்க்க அவனுக்குத் தெரியும்.

இவன் செய்யும் வேலைக்குப் பெயர் ஆட்டோமேஷன். ஒரு நிலையை உணர்வது, ஒரு முடிவெடுப்பது, ஒரு இயந்திரத்தை இயக்குவது ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் தானியக்கம். சென்னை அருகே ஓரகடத்தில் கார் பாகங்களைப் பற்றவைக்கும் ரோபோவிலும் இதே மூன்றுதான் நடக்கின்றன. இதை அந்தப் பையனிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை என்பதுதான் என் வருத்தம். ரோபோட்டிக்ஸ் என்றால் அது கோயம்புத்தூர், சென்னைக்காரர்கள் படிப்பது, லட்சக்கணக்கில் பணம் கட்டி இன்ஜினீயரிங் சேர்ந்தவர்கள் படிப்பது என்று அவனும் நம்புகிறான், அவன் அப்பாவும் அம்மாவும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை தவறு. தேவாரத்திலிருந்து அந்தப் படிப்புக்குப் போக வழி இருக்கிறது. வழியில் சில படிகள் உடைந்து கிடக்கின்றன, அவ்வளவுதான்.

மலையடிவாரத்தில் ஓர் ஊர்

தேனி மாவட்டம் உத்தமபாளையம் தாலுகாவில், மேற்குத் தொடர்ச்சி மலை காலை நீட்டிப் படுத்திருக்கும் இடத்தில் இருக்கிறது தேவாரம் பேரூராட்சி. போடியிலிருந்து சிலமலை, ராசிங்காபுரம் வழியாக வந்தால் தேவாரம். தாண்டிப் போனால் இளையராஜாவின் பண்ணைப்புரம், அதற்கப்பால் நாய்க்குப் பெயர்போன கோம்பை. பக்கத்துப் பொட்டிப்புரம் மலையில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபோது, வெளியுலகம் இந்தப் பக்கத்தின் பெயரை முதன்முறையாகக் கேள்விப்பட்டது. மலையைக் குடையலாமா கூடாதா என்று ஊரெல்லாம் பேசினார்கள். பேச வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்த மலையடிவாரத்துப் பிள்ளைகள் எந்தத் தொழில்நுட்பத்தைப் படிப்பது, எங்கே படிப்பது என்ற கேள்வியைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை.

விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். தூக்குவாளியும் மடியில் சுற்றிய பழைய துணியுமாகப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து, மலையேறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போவார்கள். பொழுது சாய்ந்து திரும்புவார்கள். ஆண்களில் பலர் திருப்பூர், கோவை, கேரளம் என்று பிரிந்து போயிருப்பார்கள். போடிக்கு ரயிலே இல்லாமல் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. மீட்டர் கேஜ் பாதை 2010 கடைசியில் மூடப்பட்டது. 2023 ஜூன் 15 அன்றுதான் போடியிலிருந்து சென்னைக்கு அகலப் பாதையில் ரயில் ஓடத் தொடங்கியது. இந்த ரயில் நம் பையன்களைக் காவலாளி வேலைக்கும் டெலிவரி வேலைக்கும் மட்டும் ஏற்றிக்கொண்டு போனால் போதுமா என்பதுதான் கேள்வி.

கண்ணுக்கு எதிரே நிற்கும் ரோபோக்கள்

தமிழ்நாட்டில் காற்றாலைக்குத் தோதான கணவாய்கள் நான்கு: ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம். தென்மேற்குப் பருவக்காற்று மலையிடுக்கில் நுழைந்து வேகம் பிடித்து நம் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. அதனால்தான் தேவாரம், உத்தமபாளையம், ஆண்டிபட்டி சுற்றுவட்டாரத்தில் இத்தனை காத்தாடிகள். சோளக்காட்டில் களையெடுப்பவர்கள் தலைநிமிர்ந்தால் தெரிவது இவைதான். ஆனால் அதற்குள் என்ன நடக்கிறது என்பது பெரும்பாலானோருக்குத் தெரியாது.

காத்தாடியின் தலைப்பெட்டி மேலே இரண்டு சிறு கருவிகள் இருக்கின்றன. ஒன்று காற்றின் வேகத்தை அளக்கும், மற்றது திசையைச் சொல்லும். காற்று திசை மாறினால் உள்ளே இருக்கும் மோட்டார்கள் பல டன் எடையுள்ள அந்தத் தலையையே மெதுவாகத் திருப்பிக் காற்றுக்கு நேரே நிறுத்துகின்றன. வேகம் கூடினால் இறக்கைகள் தம் அச்சில் தாமே திரும்பிக் காற்றை வழுக்கிவிடுகின்றன. புயல் வேகம் வந்தால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். வெப்பம், அதிர்வு, எண்ணெய் அழுத்தம் என்று ஏராளமான அளவுகளைக் கணினி ஒன்று ஓயாமல் படித்துக்கொண்டிருக்கிறது. எங்கோ ஒரு கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவர் திரையில் அவற்றைப் பார்க்கிறார். சொல்லப்போனால் நம் வயலுக்கு நடுவே நிற்கும் உயரமான ரோபோ அது.

அதற்குள் ஏறி இறங்கிப் பழுது பார்க்க மின்சாரமும் தெரிய வேண்டும், ஹைட்ராலிக்ஸும் தெரிய வேண்டும், கட்டுப்பாட்டு நிரலைப் படிக்கவும் தெரிய வேண்டும். பாதுகாப்புக் கச்சை கட்டிக்கொண்டு உயரத்தில் வேலை செய்யும் பயிற்சியும் வேண்டும். காத்தாடிக்கு நிலம் கொடுத்த குடும்பத்தில் ஒரு பையன் அதே காத்தாடிக்கு வாட்ச்மேனாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. அவன் ஏறிப் போக வேண்டியவன்.

அடுத்தது நூற்பாலை. தேனி, போடி, ஆண்டிபட்டிப் பக்கம் மில் வேலைக்குப் போகாத தெரு குறைவு. மில்லில் கோன் சுற்றும் பிரிவில் ஆட்டோகோனர் என்ற இயந்திரம் இருக்கிறது. ஓடும் நூலை ஒரு சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கும். தடித்த இடமோ மெலிந்த இடமோ வந்தால் சட்டென்று நூலை வெட்டிவிடும். உடனே மேலிருந்து ஒரு உறிஞ்சுகுழல் கை வளைந்து வந்து கோனில் ஒளிந்துகொண்ட நூல் நுனியைத் தேடிப் பிடிக்கும். கீழிருந்து இன்னொரு கை அடுத்த நுனியைக் கொண்டுவரும். இரண்டையும் அருகருகே வைத்து, அழுத்தக் காற்றைப் பாய்ச்சி, இழைகளைப் பின்னி ஒட்டிவிடும். முடிச்சே இருக்காது. எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். அந்த இயந்திரத்தின் முன்னால் ஷிப்டு முழுக்க நிற்கும் பெண்களுக்குத் தாங்கள் ஒரு ரோபோ வரிசையை இயக்குகிறோம் என்று யாராவது சொல்லியிருப்பார்களா? இயந்திரம் நின்றால் அவர்கள் மெயின்டெனன்ஸ் ஆளைக் கூப்பிடுகிறார்கள். அந்த மெயின்டெனன்ஸ் ஆளாக அவர்களே ஏன் ஆகக் கூடாது?

மூன்றாவது ஏலக்காய். போடியில் மசாலா வாரியத்தின் மின்னணு ஏல மையம் இருக்கிறது. வியாபாரிகள் கணினி முன் உட்கார்ந்து ஏலம் கேட்கிறார்கள். அந்த ஏலக்காயை நிறம் பார்த்து, பருமன் பார்த்து, வெடித்தது சொத்தையானது என்று தரம் பிரிப்பது காலம்காலமாகப் பெண்களின் கை வேலை. இப்போது அந்த வேலைக்கும் இயந்திரம் வந்துவிட்டது. கொட்டும் காய்களைக் கேமரா ஒவ்வொன்றாகப் பார்க்கிறது. நிறம் மங்கிய காயைக் கண்டதும் ஒரு சிறு காற்றுக்குழல் அதைத் தட்டி வேறு பக்கம் தள்ளிவிடுகிறது. ஒரு பெண் நாள் முழுக்கப் பிரிப்பதை அது சற்று நேரத்தில் பிரித்துப் போடும்.

இந்த இடத்தில் பூசி மெழுகக் கூடாது. ஆட்டோமேஷன் வேலை கொடுக்கும் என்று மேடையில் பேசுகிறவர்கள், அது முதலில் யாருடைய வேலையை எடுக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நம் பள்ளத்தாக்கில் அது கை வேகத்தை நம்பிப் பிழைக்கும் பெண்களின் வேலையை எடுக்கிறது. அதனால்தான் இந்தப் பயிற்சி முதலில் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்கிறேன். அந்த நிறம்பிரிக்கும் இயந்திரத்துக்கும் கேமராவைத் துடைத்துச் சரிசெய்ய ஒருவர் வேண்டும். காற்றுக்குழல் அடைத்தால் பார்க்க ஒருவர் வேண்டும். எந்தப் பச்சை முதல் தரம், எந்தப் பச்சை இரண்டாம் தரம் என்று அதற்குச் சொல்லிக்கொடுக்கவும் ஒருவர் வேண்டும். முப்பது வருடம் ஏலக்காய் பொறுக்கிய கண்ணைவிட அதை நன்றாகச் சொல்லித்தர யாரால் முடியும்?

எலக்ட்ரீஷியனுக்காகப் பிறந்த கருவி

ரோபோ என்றதும் எல்லோரும் அந்த வளைந்த இரும்புக் கையைத்தான் நினைக்கிறார்கள். தொழிற்சாலையின் உண்மையான மூளை பேனல் பெட்டிக்குள் இருக்கும் பி.எல்.சி. (நிரலால் இயங்கும் கட்டுப்படுத்தி) என்ற சிறு கருவி. அதன் பிறப்பைத் தெரிந்துகொள்வது நம் பிள்ளைகளுக்கு நல்லது.

1960களில் அமெரிக்கக் கார் தொழிற்சாலைகளில் எல்லாக் கட்டுப்பாடும் ரிலே எனும் மின்காந்த சுவிட்சுகளால் நடந்தது. சுவர் முழுக்க ரிலே பேனல்கள், ஆயிரக்கணக்கில் வயர்கள். காரின் மாடல் மாறினால் அத்தனை வயரையும் பிடுங்கி மறுபடி இணைக்க வேண்டும். இந்தத் தொல்லைக்கு ஜெனரல் மோட்டார்ஸ் மாற்று தேடிய காலத்தில், டிக் மோர்லி என்ற பொறியாளர் 1968 புத்தாண்டு தினத்தன்று ஒரு குறிப்பு எழுதினார். அதிலிருந்து வந்ததுதான் மோடிகான் 084 என்ற முதல் கருவி. அவரது குழுவின் 84ஆவது திட்டம் என்பதால் அந்தப் பெயர். வயரைப் பிடுங்காமல் நிரலை மட்டும் மாற்றினால் போதும்.

ஆனால் அதைப் பயன்படுத்தப் போகிறவர்கள் கணினி படித்தவர்கள் அல்லர். தொழிற்சாலை எலக்ட்ரீஷியன்கள்தான் அதைக் கையாள வேண்டும். ஆகவே அவர்கள் கண்ணுக்குப் பழகிய ரிலே வரைபடம் மாதிரியே நிரல் மொழியை அமைத்தார்கள். இரண்டு பக்கமும் செங்குத்துக் கோடு, நடுவில் படிகள், ஒவ்வொரு படியிலும் சுவிட்சுகள், படியின் கடைசியில் இயங்க வேண்டிய காயில். பார்ப்பதற்கு ஏணி மாதிரி இருப்பதால் ஏணி வரைபடம் என்றே பெயர்.

அந்த ஏணியில் வகுப்பு தொடங்கும்போது முதலில் சொல்லித்தரும் பயிற்சி எது தெரியுமா? பச்சைப் பொத்தானை அழுத்தினால் மோட்டார் ஓட வேண்டும், விரலை எடுத்த பிறகும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், சிவப்புப் பொத்தானை அழுத்தினால் நிற்க வேண்டும். நம் வைண்டிங் கடைப் பையன் இதற்கு ‘ஹோல்டிங்’ கொடுப்பது என்பான். கிணற்று மேட்டில் நூறு தடவை கொடுத்திருப்பான். பி.எல்.சி. பாடத்தின் முதல் பக்கம் அவனுக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குக் கூட்டிப்போக நல்ல வாத்தியாருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சிறிய பி.எல்.சி. ஒன்று சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கிறது. பழைய லேப்டாப், நான்கு சென்சார், ஒரு சிறு மோட்டார், இரண்டு காற்று சிலிண்டர் என்று சேர்த்தால் ஒரு மேசையில் ஒரு குட்டித் தொழிற்சாலையே வந்துவிடும்.

இரும்புக் கை அதற்கு அப்புறம்தான். முதல் தொழிற்சாலை ரோபோ யூனிமேட், 1961இல் நியூஜெர்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தது. இன்றைய நிலவரத்துக்கு ஒரு கணக்கு சொல்கிறேன்: 2023இல் உலகம் முழுக்கச் சுமார் 5,41,000 தொழிற்சாலை ரோபோக்கள் புதிதாக நிறுவப்பட்டன, அவற்றில் பாதிக்கு மேல் சீனாவில். இந்தியாவில் நிறுவப்பட்டவை 8,510. பன்னாட்டு ரோபோட்டிக்ஸ் கூட்டமைப்பின் கணக்கு இது. அதற்கு முந்தைய ஆண்டைவிட 59 சதவீதம் அதிகம். மற்ற எந்தத் தொழிலையும்விட அதிகம் வாங்கியது கார்த் தொழில். கார்த் தொழில் என்றால் ஸ்ரீபெரும்புதூரும் ஓரகடமும் ஒசூரும் இல்லாமலா?

இந்த ஆலைகளில் ரோபோவை வடிவமைப்பவர்கள் கொஞ்சம் பேர். அதைச் சுற்றி வேலை செய்பவர்கள்தான் அதிகம். பாதுகாப்பு வேலியின் கதவுப் பூட்டு சென்சார் வேலை செய்கிறதா, கையின் பிடியில் காற்று கசிகிறதா, கையிலிருக்கும் பயிற்றுப் பலகையால் புள்ளி புள்ளியாக நகர்த்திக் காட்டிய பாதை விலகிவிட்டதா என்று பார்ப்பது டெக்னீஷியன் வேலை. அது பட்டப்படிப்பு கேட்காத வேலை. கவனமும் கைப்பழக்கமும் கேட்கும் வேலை.

இருக்கும் படிகள், உடைந்த படிகள்

தமிழ்நாடு அரசு டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் 71 அரசு ஐ.டி.ஐ.களை (தொழிற்பயிற்சி நிலையங்களை) நவீனத் தானியக்க உற்பத்தியைக் கற்றுத்தரும் ‘தொழில் 4.0’ மையங்களாக மாற்றும் திட்டத்தைக் கொண்டுவந்தது. முதல் கட்ட மையங்களை 2023இல் அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ஓரகடத்தில் தொடங்கிவைத்தார். தொழிற்சாலை ரோபோட்டிக்ஸ், உற்பத்திக் கட்டுப்பாடும் ஆட்டோமேஷனும் என்ற ஓராண்டுப் படிப்புகளும், நவீன சி.என்.சி., மின்வாகன மெக்கானிக் போன்ற ஈராண்டுப் படிப்புகளும் இதில் வருகின்றன. நான் அறிந்தவரை அண்மைக் காலத்தில் சாதாரண வீட்டுப் பிள்ளைகளின் கைக்கு இவ்வளவு விலையுயர்ந்த இயந்திரங்களைக் கொண்டுபோன திட்டம் இதற்கு ஈடாக வேறில்லை. பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிட்டுத்தான் குறையைச் சொல்ல வேண்டும்.

தேனி மாவட்டத்தில் தேனி, போடி, ஆண்டிபட்டியில் அரசு ஐ.டி.ஐ.கள் இருக்கின்றன. படிப்புக்குக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. பஸ் பாஸ், சைக்கிள், சீருடை, காலணி, வரைபடக் கருவி எல்லாம் கொடுக்கிறார்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டுவரை படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், பையனுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் தனியாக வரும். ஐ.டி.ஐ.யில் சேர்பவர்களுக்கும் இது உண்டு. பத்தாவது முடித்து ஈராண்டு ஐ.டி.ஐ. படித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பாலிடெக்னிக் முடித்தவர் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டு. போடியில் 2012 முதல் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. ஆக, போடி ஐ.டி.ஐ. வாசலில் நுழைந்த பையன் பொறியாளராக வெளியே வர முடியும். காகிதத்தில் ஏணி முழுசாக இருக்கிறது.

உடைந்திருப்பது கீழ்ப்படி. தேவாரத்து வைண்டிங் கடைப் பையனால் தினக்கூலியை விட்டுவிட்டு ஓராண்டு முழுநேரம் வகுப்பில் உட்கார முடியாது. அவன் அம்மா தோட்ட வேலைக்கு ஜீப் ஏறுகிறார், அப்பாவுக்கு முதுகுவலி, தங்கை பிளஸ் டூ. மாலையில் இரண்டு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை முழு நாள், தேவாரத்திலேயே, ஆறு மாதம் என்று சொல்லிப் பாருங்கள். வருவான். கூடவே நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வருவான்.

இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் சமுதாயக் கல்லூரி என்ற அமைப்பே உருவானது. அமெரிக்காவில் 1901இல் ஜோலியட் என்ற ஊரில் தொடங்கிய மரபு அது. இந்தியாவுக்கு அது தமிழ் மண் வழியாகத்தான் வந்தது. 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே சென்னையில் ஒன்று வந்தது. இயேசு சபையைச் சேர்ந்த அருட்தந்தை சேவியர் அல்போன்ஸ் அந்த இயக்கத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனார். பள்ளிப் படிப்பை நடுவில் விட்டவர்களையும் சேர்த்துக்கொண்டு, வாழ்க்கைத் திறனையும் தொழில் திறனையும் கற்றுக்கொடுத்து, கடைசியில் உள்ளூர் நிறுவனத்தில் நேரடிப் பயிற்சிக்கு அனுப்புவது அவர்கள் முறை. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2013இல் கல்லூரிகளுக்குள் சமுதாயக் கல்லூரி நடத்த ஒரு திட்டம் கொண்டுவந்தது. அந்த அமைப்புக்குள் தையல், நர்சிங் உதவியாளர், கணினிப் படிப்புகள் வந்த அளவுக்கு ஆட்டோமேஷன் வரவில்லை. வரவேண்டிய நேரம் இது.

நமக்கு இது புதிய சிந்தனையும் இல்லை. பக்கத்துத் திண்டுக்கல் மாவட்டத்துக் காந்திகிராமத்தில் டாக்டர் சௌந்தரம் அம்மாவும் ஜி. ராமச்சந்திரனும் கையால் செய்து கற்கும் ஆதாரக் கல்வியை நட்டுவைத்தார்கள். 1956இல் அது கிராமிய நிலையமாக வளர்ந்தது. கோவையில் ஜி.டி. நாயுடு 1945இல் பாலிடெக்னிக் தொடங்கியபோது, பொறியியல் படிப்பை இத்தனை வருடம் இழுக்க வேண்டியதில்லை, பாதிக் காலத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று வாதாடினார். அன்றைய அரசு கேட்கவில்லை. அவர் விலகிக்கொண்டார். குறுகிய காலத்தில், கருவியைக் கையில் கொடுத்து, பாடத்தை நடத்துவது என்ற அவர் பிடிவாதத்தை இன்றைக்கு எடுத்துப் பார்த்தால் அதிலுள்ள நியாயம் புரிகிறது. கடல் கடந்தும் ஓர் உதாரணம் உண்டு: போர் தின்று தீர்த்த கிளிநொச்சியில், அறிவியல் நகரில், ஜெர்மன் உதவியோடு ஒரு தொழிற்பயிற்சி நிலையம் எழுந்து நிற்கிறது. அதைக் கொழும்பில் கட்டாமல் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் கட்டினார்கள்.

பள்ளத்தாக்கின் நாட்காட்டி

தேவாரத்தில் இப்படி ஒரு பயிற்சி தொடங்கினால் அது முதலில் மதிக்க வேண்டியது இந்தப் பள்ளத்தாக்கின் பருவத்தை. ஏலக்காய் எடுப்பு மும்முரமாக இருப்பது ஆடி, ஆவணி தொடங்கித் தை வரை. அப்போது காலை வகுப்பு வைத்தால் ஒரு பெண்ணும் வர முடியாது. காற்றுக் காலம் வைகாசி முதல் புரட்டாசி வரை. அப்போது காத்தாடி ஓடியாக வேண்டும், யாரையும் உள்ளே விடமாட்டார்கள். காற்று ஓய்ந்த மாதங்களில்தான் அவற்றைத் திறந்து பராமரிப்பு பார்ப்பார்கள். மாணவர்களை நேரடிப் பயிற்சிக்கு அனுப்ப அதுதான் சமயம். மாசி, பங்குனியில் தோட்ட வேலையும் குறைவு. வகுப்பு அட்டவணையைச் சென்னையிலிருந்து அனுப்பினால் இதெல்லாம் எப்படித் தெரியும்?

இரண்டாவது வாத்தியார். ஒரு பயிற்சிக்கூடத்தில் நான் கண்ணால் பார்த்தது, பெயர் வேண்டாம்: ரோபோக் கைக்குத் துணி உறை தைத்துப் போட்டு, ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்துபோய், அப்படியே நின்றது. இயக்கத் தெரிந்தவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். இயந்திரத்துக்குக் கோடிகளை ஒதுக்குகிறவர்கள், அதைச் சொல்லித் தருபவருக்கு நிரந்தர வேலையும் கௌரவமான சம்பளமும் கொடுக்க யோசிக்கக் கூடாது. மில்லில் இருபது வருடம் மெயின்டெனன்ஸ் பார்த்து ஓய்வுபெற்ற ஃபிட்டர்களும் எலக்ட்ரீஷியன்களும் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். பட்டம் இல்லை என்று அவர்களை வாசலில் நிறுத்திவைப்பது பெரிய இழப்பு. அவர்களுக்குப் பி.எல்.சி. கற்றுக்கொடுத்து வகுப்பறைக்கு அழைத்துவர வேண்டும்.

மூன்றாவது மொழி. கருவிகளின் கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. பிழைச் செய்தி ஆங்கிலத்தில் வருகிறது. அதற்காகப் பாடத்தையும் ஆங்கிலத்தில் நடத்தினால், ஹோல்டிங் தெரிந்த பையன் தனக்கு எதுவும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். கருத்தைத் தமிழில் சொல்லிப் புரியவைத்து, திரையில் வரும் முப்பது நாற்பது ஆங்கிலச் சொற்களைத் தனியே பழக்கினால் போதும்.

நான்காவது, கொடுக்கும் சான்றிதழ் மேலே போகப் பயன்பட வேண்டும். ஆறு மாதம் தேவாரத்தில் படித்ததை ஐ.டி.ஐ. கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அது சுவரில் மாட்டும் காகிதம். இந்த இணைப்பைச் செய்ய வேண்டியவர்கள் வேலைவாய்ப்பு பயிற்சித் துறையும் உயர்கல்வித் துறையும். அவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்தால் முடியும் காரியம்.

பேரூராட்சியில் ஒரு பெரிய அறை, இரண்டு மேசை, மும்முனை மின் இணைப்பு ஒன்று, நல்ல வாத்தியார் ஒருவர், பெண்கள் பாதுகாப்பாக வீடு திரும்ப எட்டு மணிக்கு ஒரு பஸ். சட்டமன்ற உறுப்பினர் நிதியிலோ, காத்தாடி நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியிலோ இதைத் தொடங்கிவிடலாம். நம் காற்றை வைத்துச் சம்பாதிக்கும் நிறுவனங்களிடம் இதை உரிமையோடு கேட்கலாம், கேட்க வேண்டும்.

இதைப் படிக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் அரசு ஐ.டி.ஐ. சேர்க்கை தொடங்கிவிடும். பையனை மட்டும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், பெண்ணையும் கூட்டிக்கொண்டு போங்கள். ரோபோட்டிக்ஸ் பிரிவு எங்கே இருக்கிறது, விடுதி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். ஏலக்காய் பொறுக்கும் அம்மாவே பத்தாவது முடித்தவர் என்றால், அவரும் விண்ணப்பம் வாங்கலாம். அரசு ஐ.டி.ஐ.யில் சேர ஆண்களுக்குத்தான் நாற்பது வயது வரம்பு. பெண்களுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது.